ஏறிக்கொண்டே போகும் கோடு

நாய் குரைக்கவில்லை. காலை ஒன்பதே காலுக்கு ஜெயவேலுவுக்குப் போன் போட்டபோது அந்தப் பக்கம் நாய் குரைக்கவே இல்லை என்பது, பதினொன்றரை மணிக்கு, கர்னல் சார் திரையில் மூன்றாவது படத்தை மாற்றும்போதுதான் ஏகாம்பரத்துக்கு உறைத்தது. உறைத்தது என்றுகூடச் சொல்ல முடியாது, பல்லிடுக்கில் கீரை நார் மாட்டிக்கொண்டது மாதிரி ஒரு உறுத்தல், அவ்வளவுதான். ஆறு மாதமாக வாரம் ஒரு தடவை அவனுக்குப் போன் போடுகிறார். போட்ட ஒவ்வொரு தடவையும் ஜெயவேலு வாயைத் திறப்பதற்கு முன்னால் ஜிம்மி திறந்துவிடும். அது வள்வள்ளென்று குரைக்க, 'சும்மா கெட' என்று அவன் அதட்ட, அதற்கப்புறம்தான் 'சொல்லுங்கணா' வரும். போன வாரமும் இன்றைக்கும் நேராகவே 'சொல்லுங்கணா' வந்தது. லைன் என்ன இவ்வளவு தெளிவாக இருக்கிறது, அந்தப் பக்கம் புதிதாக டவர் ஏதாவது நட்டுவிட்டார்களா என்று இவர் சந்தோஷம்கூடப் பட்டுக்கொண்டார். நாயை என்ன செய்தான்? ஏதோ சொன்னானே. போன வாரமா, அதற்கு முந்தின வாரமா. 'முனிரத்தினம் கழனியில உட்டுட்டேன்ணா, அங்கதான் அதுக்கு சௌகரியம்.' ஆமாம், அப்படித்தான் சொன்னான். இவரும் நல்லதுதான் என்றார். நாய் கழனியில் ஓடியாடித் திரியும், நல்லதுதானே. ஒரு மனிதன் தன் நாயை நல்ல இடத்தில் விடுவதில் என்ன தப்பு இருக்கிறது. ஒரு தப்பும் இல்லை. ஏகாம்பரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கர்னல் சார் பேசும்போது சாய்ந்து உட்காரும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

குடியாத்தத்தில் லுங்கிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தப் படைவீரர் துணை மையம். பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து ஊரோடு ஒட்ட முடியாமல் தவிக்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்வதற்காகக் கர்னல் தேவசகாயம் நாலு பேரைச் சேர்த்து அறக்கட்டளை வைத்து நடத்துவது. இன்றைக்கு அதை இன்னும் மேம்படுத்துவது எப்படி என்று கூட்டம். சென்னையிலிருந்து நன்கொடை தருகிறவர்கள் சார்பாக இரண்டு பேர் வந்திருந்தார்கள். எதிரே நசீமா மேடம், மூன்று தாலுக்காவுக்கும் சேர்த்து இருக்கிற ஒரே ஆலோசகர், நோட்டில் என்னவோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். செல்போன்களையெல்லாம் கர்னல் சாரின் உத்தரவுப்படி அறைக்கு வெளியே ஸ்டூல் மேல் பிளாஸ்டிக் தட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். ஏசி மேல் சட்டத்தில் ஒரு திருகு கழன்றிருக்க வேண்டும், நிமிஷத்துக்கு ஒரு தடவை கடகடவென்றது. திரையில் ஒரு நீலக் கோடு. இடது பக்கம் கீழே தரையோடு ஊர்ந்து வந்து, ஜூலை மாதத்தில் திடீரென்று தலைதூக்கி, ஏறிக்கொண்டே போய் வலது மூலையில் முட்டி நின்றது. 'பேர் சொல்லக் கூடாது. பயனாளி எண் பதினேழுன்னு மட்டும் வெச்சுக்குங்க' என்றார் கர்னல். 'மார்ச்ல இவர் போனை எடுத்தாலே பெரிய விஷயம். இப்ப பாருங்க. வாரத்துக்கு ஒரு போன், அவ்வளவுதான். போன் பண்றது யாரு? இதோ நம்ம ஏகாம்பரம். ஹவில்தாரா ரிட்டயர் ஆனவர். அவங்க ஆளுங்க பாஷை இவருக்குத்தான் தெரியும்.' சென்னைக்காரர்கள் இருவரும் ஏகாம்பரத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பதினேழு ஜெயவேலுவின் எண்.

அந்தக் கோட்டை வரைந்தது கம்ப்யூட்டர், ஆனால் புள்ளி வைத்தது இவர் கை. படிவத்தில் நாலே நாலு கேள்வி. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வீட்டில் எப்படி, வெளியே போய் நாலு பேரைப் பார்ப்பது எப்படி. ஒன்றிலிருந்து ஐந்து வரை போட வேண்டும். ஜெயவேலுவுக்கு ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பத்தொன்பது வருஷம் டிரைவர், நாயக் பதவியில் வெளியே வந்தவன், நாற்பத்தொரு வயசு. கான்வாயில், ராணுவ வண்டிகள் வரிசையாகப் போகும்போது, அவன் வண்டிக்குப் பின்னால் வந்த வண்டி குண்டுவெடிப்பில் இல்லாமல் போனது. கண்ணாடியில் பார்த்தேன்ணா, இருந்துது, அப்புறம் இல்ல, என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறான். ஊருக்கு வந்து ஷூ கம்பெனியில் செக்யூரிட்டி வேலைக்குப் போனான், சூப்பர்வைசர் பின்னாலிருந்து தோளைத் தொட்டான் என்று சட்டையைப் பிடித்துச் சுவரோடு அழுத்திவிட்டான், வேலை போயிற்று. தீபாவளிக்கு மூன்று நாளும் பாத்ரூமுக்குள் நாயோடு தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். அப்படிப்பட்டவன், மூன்று வாரமாக, கேட்டதற்கெல்லாம் கணீரென்று பதில் சொல்கிறான். நல்லாத் தூங்கறேன்ணா. நல்லாச் சாப்புடறேன்ணா. வெளியே போனேன்ணா, மச்சான் வீட்டுக்குப் போய் அவன்கிட்ட வாங்கினிருந்த ஏணியைக் குடுத்துட்டு வந்தேன். வெளியே போய் நாலு பேரைப் பார்ப்பது, ஐந்து. மஞ்சுளாவுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கத்துக்குடுக்கறேன்ணா. பெண்டாட்டிக்குச் சொல்லிக்கொடுக்கிறான், வீட்டில் எப்படி, ஐந்து. போர்வெல் மோட்டாருக்கு எந்த ஸ்விட்ச், மாடிக்கு எந்த ஸ்விட்ச்னு எல்லாத்துலயும் பேர் எழுதி ஒட்டிட்டேன்ணா. இதற்குப் படிவத்தில் இடமில்லை, ஆனாலும் ஏகாம்பரம் ஓரத்தில் 'சுறுசுறுப்பு' என்று எழுதினார். எழுதியபோது பெருமையாக இருந்தது. நம்ம பையன் தேறிவிட்டான், பட்டாளத்து ஒழுங்கு உள்ளே இருந்தால் அது என்றைக்காவது வெளியே வந்துதானே தீரும் என்று மனைவியிடம்கூடச் சொன்னார்.

ஆனால் ஏணி. ஏணியை ஏன் இப்போது கொடுக்க வேண்டும்? வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருக்கும், மச்சான் கேட்டானா என்ன? கேட்டிருப்பான். ஏன் கேட்டிருக்க மாட்டான், மழைக்காலம் வருகிறது, ஓடு மாற்ற ஏணி வேண்டாமா. ஏகாம்பரம் டீக்கோப்பையை எடுத்து வாயருகே கொண்டுபோய்விட்டு, ஆறிப்போயிருந்ததால் திரும்ப வைத்தார். சென்னையிலிருந்து வந்த பெண் கையைத் தூக்கி, போனில் கேட்பதற்குப் பதிலாக ஒரு ஆப் செய்துவிட்டால் அவர்களே முகப்படத்தைத் தொட்டுத் தங்கள் மனநிலையைச் சொல்லிவிடலாமே என்றாள். சிரிக்கிற முகம், அழுகிற முகம், இரண்டுக்கும் நடுவில் ஒரு முகம். ஜெயவேலு எதைத் தொடுவான்? சிரிக்கிற முகத்தைத்தான் தொடுவான். எந்தச் சிப்பாயும் அதைத்தான் தொடுவான். கமாண்டர் வரிசைக்கு முன்னால் வந்து நின்று, ஏதாவது கஷ்டம் உண்டா என்று கேட்டால், காலில் பனிக்கொப்புளம் வெடித்திருந்தாலும் இல்லை சார் என்பதுதான் பதில், வேறு பதில் ஒருத்தனுக்கும் தெரியாது. இவருக்கு மட்டும் தெரியுமா? ஊருக்கு வந்த முதல் வருஷம், விடிகாலை நாலரைக்கு முழிப்புத் தட்டி, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என்னங்க என்று மனைவி கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றுதானே சொன்னார். ஒன்றுமில்லை என்று எத்தனை நாள் சொன்னார்.

ஐந்தாவது கேள்வி ஒன்று இருந்தது. அதை நினைக்க வேண்டாம் என்று ஏகாம்பரம் திரையைப் பார்த்தார், திரையில் கோடு ஏறிக்கொண்டிருந்தது, ஜன்னலைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே கம்பியில் லுங்கிகள் காய்ந்தன. பிப்ரவரியில் படிவம் தயாரித்தபோது நசீமா மேடம் ஐந்தாவதாக ஒன்று எழுதியிருந்தாள். செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறதா, என்று பச்சையாக. கர்னல் சார் அதைப் படித்து முகத்தைச் சுளித்துக்கொண்டு, நீங்க சொல்லுங்க ஏகாம்பரம், நீங்க அவங்கள்ல ஒருத்தர், என்றார். அத்தனை பேர் நடுவில் தன்னிடம் அபிப்பிராயம் கேட்டதில் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. 'அது வேணாம் சார். சிப்பாய்கிட்டப் போய் அப்படிக் கேக்கறது அசிங்கம். போனை வெச்சுட்டுப் போயிடுவாங்க.' கேட்டால் யாரும் அதனால் சாவதில்லை, கேட்காமல் விட்டால்தான் ஆபத்து என்று அந்தப் பெண் தணிந்த குரலில் எவ்வளவோ சொன்னாள். முப்பது வயசுப் பெண், துப்பாக்கியைக் கையால் தொட்டிருக்க மாட்டாள், இவளுக்கு என்ன தெரியும் என்று இவர் நினைத்தார். நினைத்தது மட்டுமா, டீக்கடையில் சொல்லிச் சிரித்துமிருக்கிறார். கர்னல் சார் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். ஐந்தாவது கேள்வி அதோடு போயிற்று. இன்றைக்குக் காலையில் அந்தக் கேள்வி தாளில் இருந்திருந்தால் கேட்டிருப்பாரா? தாளில் இருப்பதைத்தானே அவர் கேட்பார்.

காலையில் கடைசியாக என்ன சொன்னான்? 'உங்களுக்குத்தான் ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன்ணா.' இவர், 'அதெல்லாம் ஒண்ணும் இல்லிங்க, நல்லா இருங்க' என்றார். மையத்தில் எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் சொல்ல வேண்டும். நல்லா இருங்க. அவன் குரலில் அப்படி ஒரு லேசு. பாரம் தூக்கி நடந்தவன் இறக்கி வைத்துவிட்டுப் பேசுகிற குரல். அந்தக் குரலை இவருக்குத் தெரியும். எங்கேயோ கேட்டிருக்கிறார், ஒரு தடவை இல்லை, நூறு தடவை கேட்டிருக்கிறார், அவர் முன்னால் வந்து நின்று அந்தக் குரலில் பேசியிருக்கிறார்கள். எங்கே? ஏசி கடகடத்தது. ஸ்டோரில். கம்பிவலை வைத்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு. பென்ஷனுக்குப் போகிறவன் குரல் அது.

இருபத்திரண்டு வருஷம் ஸ்டோரில் இருந்தவர் அவர். பட்டாளத்தை விட்டுப் போகிறவன் சும்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. கையில் ஒரு சீட்டு கொடுப்பார்கள், கிளியரன்ஸ் சீட்டு. அதை எடுத்துக்கொண்டு பத்துப் பதினைந்து நாள் யூனிட் முழுக்கச் சுற்ற வேண்டும். ஆயுதக் கிடங்கில் ஒரு கையெழுத்து, சமையலில் ஒரு கையெழுத்து, நூலகம், ஆஸ்பத்திரி, கேன்டீன், கடைசியில் ஸ்டோர். கம்பளி எத்தனை, மக் எத்தனை, கொசுவலை எத்தனை என்று எண்ணிப் பார்த்து, ஏகாம்பரம் கையெழுத்துப் போட்டால்தான் அவனுக்கு ரயில். ஒண்ணு கொறையுது என்று சொல்லி ஆட்களைத் திருப்பி அனுப்புவதில் அவருக்கு ஒரு தனி ருசி இருந்தது, பொய் சொல்லி ஆகப் போவதென்ன, முதுகுக்குப் பின்னால் அவர்கள் வைத்த பேரும் 'ஒண்ணு கொறையுது'தான். ஆனால் அந்தப் பதினைந்து நாளும் போகிறவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அதுவரை உம்மணாமூஞ்சியாகத் திரிந்தவன்கூடச் சிரித்துக்கொண்டு வருவான். வாங்கினதை வாங்கினவர்களிடம் கொடுப்பான். சண்டை போட்டவனிடம் போய்ப் பேசுவான். தன் இடத்துக்கு வருகிறவனுக்கு வேலை சொல்லிக்கொடுத்து, சாவி எது, ஸ்விட்ச் எது என்று காட்டுவான். ஏணியைக் கொடுப்பான். ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பான். நாயை, நாயை நல்ல இடம் பார்த்து விடுவான். ஜெயவேலு மூன்று வாரமாக வெளியே போய் நாலு பேரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கிளியரன்ஸ் வாங்கிக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஏகாம்பரம் ஐந்து ஐந்தாக மார்க் போட்டிருக்கிறார், ஒழுங்காகச் செய்கிறானே என்று.

இல்லை. அப்படியெல்லாம் இருக்காது. வயசாகிவிட்டால் புத்தி இப்படித்தான் எதையாவது பிடித்துக்கொண்டு உழலும். இப்போது எழுந்து போய் போன் போட்டு, அவன் எடுத்து, என்னணா காலையிலதானே பேசினீங்க என்று சிரித்தால் மூஞ்சியை எங்கே கொண்டு வைப்பது. கர்னல் சார் பேசும்போது நடுவில் எழுந்திருப்பதாவது. எழுந்திருந்தால் என்ன சொல்வது, சார், நீங்க காட்டற கோடு தப்பு, நான் போட்ட மார்க் தப்பு என்றா? சென்னைக்காரர்கள் முன்னாலா? கூட்டம் பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும். முடிந்ததும் முதல் வேலையாகப் போன் போட்டுவிடலாம். இன்னும் நாற்பது நிமிஷம்தான், அதற்குள் என்ன ஆகிவிடும். அதற்குள் என்ன ஆகிவிடும் என்று நினைத்தபோதே, அவர் இருபத்தெட்டு வருஷமாக மனசில் ஒரு தகரக் கொட்டகைக்குள் வைத்துப் பூட்டியிருந்த பிஷன் லால் எழுந்து வந்து, கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்றான்.

பிஷன் லால் ஹரியானாக்காரன், இருபத்து மூன்று வயசு. மலை மேல் போஸ்ட், அக்டோபர் கடைசி, பக்கெட்டில் தண்ணீர் வைத்தால் மேலே கண்ணாடி மாதிரி படியும். அவன் லீவுக்குக்கூடப் போகவில்லை, ஆனால் ஸ்லீப்பிங் பேகைத் திருப்பிக் கொடுக்க வந்தான். தோய்த்து, காய வைத்து, மூலைக்கு மூலை மடித்து. அந்தக் குளிரில் எங்கேடா காயப்போட்டாய் என்று ஏகாம்பரம் கேட்டதற்குச் சிரித்தான். ராத்திரிக்கு என்ன செய்வாய் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஸ்டோரில் இருபத்திரண்டு வருஷத்தில் தோய்த்துக் கொடுத்தவன் அவன் ஒருத்தன்தான், அந்த மகிழ்ச்சியில் பக்கத்தில் நின்றவர்களிடம், பாத்துக் கத்துக்குங்கடா என்று காட்டினார். லெட்ஜரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மறுநாள் காலை வரிசையில் எண்ணியபோது ஒரு ஆள் குறைந்தது. விசாரணையில் ஒரு மேஜர் கேட்டார், அவன்கிட்ட ஏதாவது மாற்றம் தெரிஞ்சுதா? 'இல்ல சார். சந்தோஷமாத்தான் இருந்தான்.' பொய்யில்லை. சத்தியமாகச் சந்தோஷமாகத்தான் இருந்தான். அந்தச் சந்தோஷம் எதனால் என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது, தெரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட இல்லை. இப்போது அதே ஆள், அதே பேனா, ஐந்து, ஐந்து, ஐந்து. எழுந்திரு என்று முழங்காலுக்குச் சொன்னார். முழங்கால் கர்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

'ஏகாம்பரம் சார்.' நசீமா மேடம்தான். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நோட்டில் கிறுக்குவதை நிறுத்தியிருந்தாள். 'பதினேழாம் நம்பர் ஃபைல்ல அந்த நாயைப் பத்தி நான் எழுதி வெச்சிருந்தேன். அதுக்காகத்தான் காலையில எழுந்திருக்கறேன்னு சொல்லுவாரு. நாய் எப்படி இருக்கு, விசாரிச்சீங்களா?' அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தோரணை எதுவும் இல்லை. அந்த ஃபைலை ஏகாம்பரம் படித்ததில்லை, அவரிடம் இருந்தது படிவம் மட்டும்தான்.

'நாயைக் குடுத்துட்டாரு மேடம்' என்றார். சொன்ன பிறகுதான் தான் நின்றுகொண்டிருப்பதே தெரிந்தது. அவள் நோட்டை மூடினாள். 'எப்ப?' என்றாள். 'ரெண்டு வாரம் இருக்கும். ஏணியையும் குடுத்துட்டாரு. எல்லாத்தையும் குடுத்துட்டாரு.' கர்னல் சார், 'என்ன ஏகாம்பரம், உக்காருங்க, கேள்வியெல்லாம் கடைசியில பாத்துக்கலாம்' என்றார். முப்பது வருஷமாக அதிகாரிகளின் குரலுக்கு மடங்கிய முழங்கால் பழக்கதோஷத்தில் மடங்கப் பார்த்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். 'அந்தக் கோடு தப்பு சார்' என்று சொல்லிவிட்டு, நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, அதைத் தூக்கி நிறுத்தாமல், கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

தட்டில் தன் போனைத் தேடி எடுத்து ஜெயவேலுவுக்குப் போட்டார். மணி அடித்தது, எடுத்தது மஞ்சுளா. 'போனை இங்கியே வெச்சுட்டுப் போயிட்டாருணா. உங்க ஆபீசுக்குத்தான் போறேன்னாரு. பத்து மணிக்கே கெளம்பிட்டாரே, இன்னும் வரலியா?' அவள் குரலில் பயம் ஏதும் இல்லை, புருஷன் தேறிவிட்டான் என்று நம்புகிறவளின் குரல். 'வந்திருப்பாரு, நான் பாத்துக்கறேன்மா' என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். அவன் வீட்டிலிருந்து வருவதற்கு இருபது நிமிஷம்கூட ஆகாது. கீழே வாட்ச்மேன் பலராமன் ஒரு துணிப்பையோடு எழுந்து நின்றான். 'உங்களைப் பாக்கத்தான் ஒருத்தர் வந்தாரு சார். மீட்டிங்னு சொன்னேன். ஒண்ணரை மணி நேரம் அந்த பெஞ்சுலயே ஆடாம அசையாம உக்காந்தினிருந்தாரு. அப்புறம் இதை ஒங்ககிட்டக் குடுத்துடச் சொன்னாரு. வாங்கினதுக்குக் கையெழுத்துக் கேட்டாரு, போட்டுக் குடுத்தேன்.' பைக்குள் மையம் கொடுத்த நீல ஃபைல், மூச்சுப் பயிற்சிப் புத்தகம், அடையாள அட்டை, குடியரசு தினத்தன்று எல்லோருக்கும் கொடுத்த ஸ்டீல் பாட்டில். மேலே ஒரு தாள், அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, வரிசை எண் போட்டு, நாலு சாமானும் குண்டு குண்டான எழுத்தில். பாட்டிலுக்கு எதிரே 'மூடியுடன்' என்று எழுதியிருந்தது. பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார். கழுவி, உள்ளே ஈரம் போகத் துடைத்திருந்தான். 'எங்கடா அவன்?' என்றார் ஏகாம்பரம். பலராமன் பயந்துபோய் ரோட்டுக்கு எதிர்ப்புறம் கை காட்டினான்.

பேர்ணாம்பட்டு பஸ் நிற்கிற இடத்தில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், முகம் மழித்து, ஜெயவேலு நின்றுகொண்டிருந்தான். ஒரு லாரி ஹாரன் அடித்ததையும் ஒரு ஆட்டோக்காரன் திட்டியதையும் காதில் வாங்காமல் ஏகாம்பரம் ரோட்டைத் தாண்டினார். அவரைப் பார்த்ததும் ஜெயவேலு விறைப்பாக நின்றான். 'எல்லாம் சரியாகீதாணா? செக் பண்ணிக்கினீங்களா?' என்று கேட்டான். முகத்தில் அந்த வெளிச்சம். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நூறு முகத்தில் பார்த்த அதே வெளிச்சம். ஏகாம்பரத்துக்கு மையத்து மரியாதையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. 'சாகறதுக்குத்தான் இதெல்லாம் செய்யறியாடா?' என்றார். பக்கத்தில் கூடையோடு நின்ற பெண்பிள்ளை திரும்பிப் பார்த்தாள். பிப்ரவரியில் இவர் சொன்ன மாதிரி ஜெயவேலு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகவில்லை, கோபப்படவில்லை, அசிங்கப்படவும் இல்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவன் மாதிரி அவரையே பார்த்தான். 'நீங்க மட்டும்தான்ணா பாக்கி இருந்தீங்க' என்றான்.

அவன் சட்டைப் பையில் பலராமன் கையெழுத்துப் போட்ட சீட்டு எட்டிப் பார்த்தது. ஏகாம்பரம் விரலை விட்டு அதை உருவி எடுத்தார். 'இது செல்லாது.' 'ஏன்ணா?' 'வாட்ச்மேன் போட்டா செல்லாது. நான்தான் போடணும்.' ஜெயவேலு பேனாவுக்காகப் பையைத் தடவினான், பட்டாளத்தில் பழகிய கை, தானாகவே தடவியது. 'அப்ப நீங்க போடுங்கணா.' 'போட மாட்டேன்.' 'எப்பணா போடுவீங்க?' 'போடவே மாட்டேன்டா' என்றார் ஏகாம்பரம், தன் குரல் இப்படி உடையும் என்று அவருக்குத் தெரியாது, உடைந்தால் உடையட்டும் என்று விட்டுவிட்டார். 'நாளைக்கு வந்து கேளு. நாளன்னைக்கும் வா. தெனம் வந்து நின்னாலும் போட மாட்டேன்.' ஜெயவேலுவின் முகத்திலிருந்து அந்த வெளிச்சம் இறங்கியது. கீழே இருந்தது பழைய முகம்தான், பாத்ரூமுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவனின் முகம், உதடு கோணிக்கொண்டு வந்தது. எதிர்ப்புறத்தில் நசீமா மேடம் செருப்பில்லாமல் படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். பஸ் வந்து நின்றது. ஏறுங்க, ஏறுங்க என்று கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டான். ஏகாம்பரம் அவன் மணிக்கட்டை விடவில்லை. அவனும் உருவிக்கொள்ளவில்லை.